சண்டிகேசுவரர் முன் விரியும் கைகள்

கொல்லிமலையின் அடிவாரத்தில், நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாக மலைக்குச் செல்லும் சாலையில் அமைந்த ஊர் காளப்பநாயக்கன்பட்டி. மரவள்ளியும் பாக்கும் விளையும் பூமி. ஆடி மாதம் பிறந்துவிட்டால் இவ்வூர்ச் சாலைக்கு ஓய்வே இருப்பதில்லை. ஆடிப்பெருக்கை ஒட்டி அறப்பளீசுவரரைத் தரிசிக்கவும் ஆகாயகங்கை அருவியில் நீராடவும் பல ஊர்களிலிருந்தும் அடியார்கள் வந்தவண்ணம் இருப்பார்கள். காரவள்ளியைக் கடந்து 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறியாக வேண்டும். வயதானவர்களுக்குத் தலை சுற்றும். ஆயினும் வருடந்தோறும் வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

தரிசனம் முடித்துத் திரும்பும் குடும்பங்களில், பேரப்பிள்ளைகள் பாட்டிமாரிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு.

"ஏன் ஆயா, எல்லாச் சாமியையும் கைகூப்பிக் கும்பிட்டே. அந்த ஒரு சாமிகிட்ட மட்டும் கையைத் தேய்ச்சு விரிச்சுக் காட்டுனியே, எதுக்கு?"

"அவர் சண்டிகேசுவரர் கண்ணு. கோயிலுக்குக் கணக்குப் பார்க்கறவரு. வந்தோம், கும்பிட்டோம், வெறுங்கையோடதான் போறோம், பாத்துக்க சாமின்னு சொல்லிட்டு வரணும். சிவன் சொத்துல ஒரு நூல்கூட நம்மோட வரக் கூடாது."

இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் ஒரு சமுதாயத்தின் நீதிநூல் முழுவதும் அடங்கியிருக்கிறது. காவலர் இல்லை, கண்காணிப்புக் காமிரா இல்லை, சோதனைச் சாவடி இல்லை. தானே வந்து, தன் கையைத் தானே விரித்துக் காட்டிவிட்டுப் போகும் மனிதன் இருக்கிறான். அவனை அப்படி ஆக்கியது சட்டம் அன்று. பாட்டியின் சொல்லும், அந்தச் சொல்லுக்குப் பின்னால் நின்ற நம்பிக்கையும்தான்.

அந்த நம்பிக்கை தளர்ந்தபோது என்ன நடந்தது? "காலம் கெட்டுவிட்டது, கலி முற்றிவிட்டது" என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். நாளிதழைப் பிரித்தால் கொலையும் கொள்ளையும் வழிப்பறியும் கண்ணில் படுகின்றன. ஆனால் பெருமூச்சு விடுவதோடு நின்றால், ஒழுக்கம் எந்த இடத்தில் சரிந்தது, குற்றம் எந்த வழியாக உள்ளே நுழைந்தது என்பது தெரியாமலே போய்விடும். அதைத் தெளிவாகக் காட்டும் ஒரு குற்றம் உண்டு. அது தெய்வத் திருமேனிகளையே திருடி விற்ற குற்றம். 'சிவன் சொத்து குல நாசம்' என்று நம்பிய நாட்டில் சிவனையே விலை பேசியது எப்படி என்று ஆராய்ந்தால், மற்றக் குற்றங்களின் வேரும் புலப்படும்.

அறத்தின் பெயரால் ஒரு பள்ளி

கொல்லிமலைத் திருத்தலத்தின் பெயர் அறப்பள்ளி. தேவாரத்தில் பெயர் குறிக்கப்பெற்ற வைப்புத்தலங்களுள் ஒன்று. அறம் தங்கியிருக்கும் இடம் என்று அப்பெயருக்குப் பொருள் கொள்ளலாம். இங்குள்ள இறைவனை முன்னிலைப்படுத்தி அம்பலவாணக் கவிராயர் பாடிய 'அறப்பளீசுர சதகம்' ஒரு காலத்தில் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மனப்பாடம் செய்த நூல்களில் ஒன்று. நல்ல மனைவி, நன்மக்கள், உடன்பிறப்பு, நல்லாசிரியர், நல்ல மாணாக்கர் என்று மனித வாழ்வின் ஒவ்வொரு உறவுக்கும் உரிய ஒழுக்கத்தை எடுத்துச் சொல்லி, ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் அறப்பளீசுரரை அழைக்கும் நூல் அது. நீதியைச் சொல்லும்போது தெய்வத்தைச் சாட்சியாக நிறுத்திக்கொண்டு சொல்வது நம் முன்னோர் கண்ட முறை.

கோயிலை ஒட்டி ஓடும் ஐயாற்றில் உள்ள மீன்களை யாரும் பிடிப்பதில்லை. முன்னொரு காலத்தில் அம்மீன்களைப் பிடித்து அறுத்துச் சமைக்க முற்பட்டபோது, அறுத்த துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தி உயிர்பெற்று ஆற்றில் நீந்தின என்பது தலவரலாறு. இறைவனே மீன் வடிவில் உலவுகிறான் என்ற நம்பிக்கையில், அடியார்கள் மீன்களுக்கு உணவிட்ட பிறகே சந்நிதிக்குச் செல்கிறார்கள். ஆற்றுக்கு வேலி போட்டு இம்மீன்கள் காக்கப்படவில்லை. 'இவை நமக்குரியவை அல்ல' என்ற ஓர் எண்ணமே தலைமுறை தலைமுறையாக வேலியாக நின்றிருக்கிறது.

அதே மலையின் மற்றொரு பழங்கதை கொல்லிப்பாவை. சங்கப் புலவர்களும் குறிப்பிடும் அந்தப் பாவை, தீய நோக்கத்தோடு வருகிறவர்களைத் தன் அழகாலும் சிரிப்பாலும் மயக்கி மாய்த்துவிடும் என்பார்கள். தீயவனை அழிப்பது வெளியிலிருந்து வரும் வாள் அன்று. அவனுடைய ஆசையே அவனை அழிவுக்கு இழுத்துச் செல்கிறது என்பதே அக்கதை உணர்த்தும் பொருள்.

அன்றும் திருடர் இருந்தனர்

முற்காலத்தில் எல்லோரும் உத்தமர்களாக வாழ்ந்தார்கள் என்று சொல்வது உண்மைக்குப் புறம்பானது. வள்ளுவர் 'கள்ளாமை' என்று ஓர் அதிகாரமே வகுத்தார் என்றால், களவு அன்றும் இருந்தது என்றுதானே பொருள்? கோயில் சொத்தைக் கவர்ந்தவரைச் 'சிவத்துரோகி' என்று அறிவித்துத் தண்டித்த செய்திகள் சோழர் காலக் கல்வெட்டுகளில் உண்டு. ஆகவே திருட்டு புதியதன்று.

வேறுபாடு வேறோர் இடத்தில் இருந்தது. அறக்கட்டளைகளைப் பொறித்த பழங்கல்வெட்டுகளின் இறுதியில் இரண்டு செய்திகளைக் காணலாம். இந்தத் தருமத்துக்குக் கேடு செய்பவன் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்பது ஒன்று. இதைக் காப்பவருடைய பாதம் என் தலைமேல் இருக்கட்டும் என்று தருமம் செய்தவரே பணிந்து சொல்வது மற்றொன்று. பின்னால் வரப்போகும், முகம் தெரியாத ஒருவருடைய பாதத்தைத் தலைமேல் தாங்கத் தயாராக இருந்தான் அரசன். ஏனெனில், தான் வைத்த விளக்கு அணையாமல் இருப்பது தன் படையால் அன்று, அந்த முகம் தெரியாதவரின் மனச்சாட்சியால்தான் என்பதை அவன் அறிந்திருந்தான்.

கோயில் நிலங்களின் விற்பனையும் கொடுக்கல் வாங்கலும் ஆதிசண்டேசுவரர் பெயரால் நடைபெற்றதையும் கல்வெட்டுகள் காட்டுகின்றன. பாட்டி பேரனிடம் 'கணக்குப் பார்க்கறவரு' என்று சொன்னது வெறும் கதையன்று. அது ஆயிரம் ஆண்டு ஆவணங்களில் பதிவான உண்மை.

படையெடுப்பும் கலகமும் வந்த காலங்களில் ஊரார் உற்சவத் திருமேனிகளை மண்ணுக்குள் புதைத்துப் பாதுகாத்தார்கள். தாங்கள் உயிரோடு இருப்போமா என்பதே உறுதியில்லாத நேரத்தில் தெய்வத்தை முதலில் காப்பாற்றினார்கள். அவர்களில் பலர் திரும்பி வந்து தோண்டி எடுக்கவே இல்லை. அவர்கள் மறைத்து வைத்தவற்றை அவர்களுடைய பிற்சந்ததியினர் கண்டெடுத்தபோது என்ன செய்தார்கள் என்பதில்தான் நம் காலத்தின் கதை தொடங்குகிறது.

சிவபுரம்: நம்பிக்கை விலைபோனது

கும்பகோணத்துக்கு அருகிலுள்ள சிவபுரத்தில் 1951-ஆம் ஆண்டு மண்ணிலிருந்து சில செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. அவற்றுள் சோழர் காலத்து நடராசர் திருமேனி ஈடு இணையற்றது. அவற்றைச் செப்பனிட்டு வழிபாட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு, 1954-இல் ஒரு சிற்பியிடம் ஒப்படைத்தனர். சிற்பியிடம் திருமேனியைக் கொடுப்பது மருத்துவரிடம் பிள்ளையைக் கொடுப்பது போன்றது. யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

திரும்பி வந்தது போலி. மூலத் திருமேனி கைமாறிக் கைமாறிக் கடல் கடந்தது. கோயிலில் தீபாராதனை நடந்துகொண்டிருந்தது. ஊரார் கண்ணில் ஒற்றிக்கொண்டனர். அவர்கள் வணங்கியது நகல் என்பது 1960-களில் ஓர் ஆங்கிலேய அறிஞர் சொல்லும்வரை வெளியுலகுக்குத் தெரியவில்லை. 1973-இல் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளை ஏறத்தாழ 9 லட்சம் டாலர் கொடுத்து அத்திருமேனியை வாங்கியது. அது கடத்திவரப்பட்டதுதான் என்று வாங்கியவரே ஒப்புக்கொண்டதாக அந்நாளைய அமெரிக்க நாளிதழ் ஒன்று எழுதியது. பின்னர் அவர் அதை மறுத்தார். இந்திய அரசு வழக்குத் தொடுத்து, உடன்பாடு ஏற்பட்டு, 1986-இல் நடராசர் தாயகம் திரும்பினார்.

இங்கே பூட்டு உடைக்கப்படவில்லை. சுவர் ஏறிக் குதிக்கவில்லை. நம்பி ஒப்படைத்த பொருளை மாற்றி வைத்தார்கள், அவ்வளவுதான். வள்ளுவர் 'கள்ளாமை' அதிகாரத்துக்கு முன்னால் 'கூடாவொழுக்கம்' என்ற அதிகாரத்தை வைத்திருப்பதன் காரணம் இங்கே விளங்குகிறது. வெளியே ஒரு வேடமும் உள்ளே ஒரு நினைப்புமாக வாழத் தொடங்கியவனுக்குத் திருட்டு அடுத்த படி. மனத்தால் பிறர் பொருளை நினைப்பதே குற்றம் என்றும் அவர் எச்சரித்தார். கை நீளுவதற்கு வெகு நாள் முன்பே மனம் நீண்டுவிடுகிறது என்பதை அவர் அறிவார்.

பத்தூர்: சிவலிங்கம் தொடுத்த வழக்கு

இன்றைய திருவாரூர் மாவட்டத்திலுள்ள பத்தூர், பாழடைந்த சிவாலயம் ஒன்றைக் கொண்ட சிற்றூர். 1976-இல் அங்கே ஓர் ஏழைக் கூலித் தொழிலாளி மண்ணைத் தோண்டியபோது கருவி உலோகத்தில் பட்டது. வெளிவந்தவர் நடராசப் பெருமான். வறுமையில் வாடிய அம்மனிதர் அதை ஒரு வணிகரிடம் விற்றார். பலர் கைமாறி, 1982-இல் கனடா நாட்டு நிறுவனம் ஒன்று லண்டனில் அதை வாங்கியது. சுத்தம் செய்வதற்காகக் கொடுத்திருந்த இடத்தில் ஸ்காட்லாந்து யார்டு காவலர்கள் அதைக் கைப்பற்றினர்.

லண்டன் நீதிமன்றத்தில் அபூர்வமான வழக்கு நடந்தது. வாதிகளுள் ஒருவராகப் பத்தூர்க் கோயிலின் சிவலிங்கமே சேர்க்கப்பட்டது. இந்தியச் சட்டத்தின்படி தெய்வத்துக்கு உரிமை உண்டு, சொத்து உண்டு, வழக்காடும் தகுதி உண்டு. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சாட்சியம் அளித்தார். திருமேனியில் ஒட்டியிருந்த மண்ணும் கறையான் தடமும்கூட ஆய்வுக்கு உட்பட்டன. 1988-இல் தீர்ப்பு கோயிலுக்குச் சாதகமாக அமைந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1991-இல் அதை உறுதி செய்தது. அவ்வாண்டே பெருமான் தமிழகம் திரும்பினார்.

அந்த ஏழைத் தொழிலாளியைக் குற்றவாளிக் கூண்டில் முதலாவதாக நிறுத்த மனம் ஒப்பவில்லை. அவருடைய வீட்டில் அடுப்பு எரிய வேண்டியிருந்தது. அவரிடம் வாங்கியவர்கள் யார்? படித்தவர்கள், கலை அறிந்தவர்கள், பொருளின் உண்மையான மதிப்பை உணர்ந்தவர்கள். வறுமையே குற்றத்துக்குக் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இவ்வணிகத்தில் பசித்தவன் ஒருவன் என்றால், பசியே அறியாதவர்கள் பலர்.

ஸ்ரீபுரந்தான்: யாரும் வராத சந்நிதி

மூன்றாவது நிகழ்ச்சியே நம்மை அதிகமாகச் சிந்திக்க வைக்க வேண்டியது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் உள்ளது பிரகதீசுவரர் ஆலயம். சோழர் காலத்துக் கோயில். காலப்போக்கில் நித்திய பூசை நின்றது. கோயில் பூட்டப்பட்டது. உள்ளே தேனீக்கள் கூடு கட்டின. ஊரார் அந்தப் பக்கம் போவதைத் தவிர்த்தனர்.

2006-இல் திருடர்கள் வந்தார்கள். நடராசர் உள்ளிட்ட எட்டுத் திருமேனிகள் களவாடப்பட்டன. இதில் நெஞ்சைச் சுடும் செய்தி என்னவென்றால், களவு போனது 2008-ஆம் ஆண்டுவரை வெளியே தெரியவில்லை. பாதுகாப்புக்காகத் திருமேனிகளை வேறிடத்துக்கு மாற்றும் முயற்சி வந்தபோது, எங்கள் சாமியைக் கொண்டுபோகக் கூடாது என்று ஊரார் உரிமையோடு மறுத்தனர். பிறகு கதவைத் திறந்து பார்த்தபோது உள்ளே சாமி இல்லை. இரண்டு ஆண்டுகள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

அந்த நடராசர் அப்போது ஆஸ்திரேலியாவில் இருந்தார். நியூயார்க்கில் கலைப்பொருள் வணிகம் நடத்திய சுபாஷ் கபூர் என்பவரிடமிருந்து கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு அதை வாங்கியிருந்தது. கூடவே பத்திரங்களும் இருந்தன. அச்சிலை 1972-க்கு முன்பே டெல்லியில் வாங்கப்பட்டது என்று அப்பத்திரங்கள் கூறின. அத்தனையும் புனைவு. பழம்பொருள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முந்தைய தேதி இருந்தால் சிக்கல் வராது என்பது அவர்கள் கணக்கு. களவுக்குக் கையெழுத்தும் தேதியும் உண்டாக்கிக் கொடுக்கப் படித்த கைகள் தேவைப்பட்டன.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழகக் கோயில்களில் எடுத்துச் சேமித்து வைத்திருந்த புகைப்படங்கள் உண்மையை வெளிக்கொணர்ந்தன. கலைக்கூடத்தில் இருந்த திருமேனியும் ஸ்ரீபுரந்தான் படத்திலுள்ள திருமேனியும் ஒன்றே என்று நிறுவ முடிந்தது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபோட், இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியிடம் அதை டெல்லியில் ஒப்படைத்தார். விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரரும் உடன் வந்தார். சுபாஷ் கபூர் 2011-இல் ஜெர்மனியில் கைதாகி, 2012-இல் தமிழகத்துக்குக் கொண்டுவரப்பட்டு, உடையார்பாளையம் காவல் நிலைய வழக்கொன்றில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றத்தால் பத்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

தாயகம் திரும்பிய நடராசர் கும்பகோணத்திலுள்ள உலோகத் திருமேனிகள் பாதுகாப்பு மையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். ஆடல்வல்லான் அத்தனை தொலைவு பயணம் செய்து வந்தும், சொந்த ஊருக்கு வழி உடனே திறக்கவில்லை. காரணம், பாதுகாப்பு இல்லை என்பது. இந்த ஒரு சொல்லைத்தான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

சரிவு எங்கே தொடங்கியது?

திருடியவன் குற்றவாளி. கடத்தியவன் குற்றவாளி. பொய்ப் பத்திரம் எழுதியவன் குற்றவாளி. கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவனும் குற்றவாளியே. இவர்களைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். தமிழகக் காவல்துறையில் சிலைத் திருட்டுத் தடுப்புக்கென்றே 1983-இல் தனிப் பிரிவு தொடங்கப்பட்டது.

ஆனால் சட்டத்தின் பார்வைக்கு அகப்படாத ஒரு வரிசை இவர்களுக்கு முன்னால் நிற்கிறது. ஒரு கிராமத்துக் கோயில் எப்படிப் பூட்டப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். கோயிலுக்கு முன்னோர் எழுதிவைத்த நிலம் இருக்கும். அதைக் குத்தகைக்கு எடுத்தவர் முதல் வருடம் நெல் அளப்பார். அடுத்த வருடம் மழை பொய்த்தது என்பார். அதற்கடுத்த வருடம் மழை பெய்தாலும் அளக்க மாட்டார். பாக்கி ஏறும். விளக்குக்கு எண்ணெய் குறையும். அர்ச்சகருக்குச் சேர வேண்டிய படி நிற்கும். அவர் பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டு நகரத்துக்குக் குடிபெயர்வார். ஒரு வேளைப் பூசை வாரம் ஒரு முறையாகும். வாரம் ஒரு முறை, விசேஷ நாளில் மட்டும் என்றாகும். பின்பு கதவில் பூட்டு விழும். பூட்டில் துரு ஏறும். அதன் பிறகுதான் திருடன் வருகிறான்.

குத்தகை அளக்காத அந்த மனிதரைத் திருடர் என்று யாரும் சொல்வதில்லை. அவர் ஊரில் மரியாதைப்பட்டவர். வெளியூர்க் கோயிலுக்குப் போனால் சண்டிகேசுவரர் முன் நின்று, மற்றவர்களைப் போலவே கையைத் துடைத்து விரித்துக் காட்டிவிட்டு வருகிறவர்! அவருடைய கையில் ஒன்றும் இல்லைதான். வீட்டுக் களஞ்சியத்தில் இருக்கிறது.

அவர் மட்டுமா? நகரத்துக்குக் குடியேறிய குடும்பங்கள் சொந்த ஊர்க் கோயிலை மறந்தன. புகழ்பெற்ற தலங்களுக்கு ஆண்டுதோறும் யாத்திரை செல்பவர்கள், பாட்டனார் விளக்கேற்றிய சந்நிதியின் கதவு திறந்திருக்கிறதா என்று விசாரிப்பதில்லை. அடுத்த தெருவில் இருப்பவரும், 'அது அறங்காவலர் பொறுப்பு, அதிகாரிகள் பொறுப்பு' என்று ஒதுங்கினார். இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் மட்டும் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோயில்களும் அறநிறுவனங்களும் இருக்கின்றன. அத்தனைக்கும் அதிகாரிகளால் மட்டும் காவல் நிற்க முடியுமா?

ஒழுக்கச் சரிவு என்றால் தீயவர்கள் பெருகுவது என்றுதான் நாம் நினைக்கிறோம். தீயவர்கள் எக்காலத்திலும் உண்டு. நல்லவர்கள் பார்க்காமல் விட்டதும், கேட்காமல் விட்டதும், 'நமக்கென்ன' என்று ஒதுங்கியதும்தான் சரிவின் தொடக்கம். கோயிலுக்கு மட்டுமன்று, வீட்டுக்கும் தெருவுக்கும் இது பொருந்தும். மகன் கையில் புதிதாக விலையுயர்ந்த பொருளைப் பார்த்தும், 'எங்கிருந்து வந்தது?' என்று கேட்காத தந்தை. பக்கத்து வீட்டுப் பையன் தவறான சகவாசத்தில் போவதைக் கண்டும், 'ஊர் வம்பு எதற்கு?' என்று சன்னலைச் சாத்தும் பெரியவர். தேர்வில் பார்த்து எழுதிய பேரனைச் சாமர்த்தியசாலி என்று மெச்சும் வீட்டார். இவர்கள் யாரும் குற்றம் செய்தவர்கள் அல்லர். ஆனால் குற்றம் நுழைகிற வழியில் கதவைத் திறந்து வைத்தவர்கள்.

திரும்பி வந்த தெய்வங்கள்

நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. திருநெல்வேலி மாவட்டம் கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயிலில் 1982-இல் களவுபோன நடராசர், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரக் கலைக்கூடத்திலிருந்து 2019-இல் மீட்கப்பட்டார். 37 ஆண்டுகளுக்குப் பின் சொந்த ஊருக்குத் திரும்பியபோது மேள தாளத்தோடு ஊரே திரண்டு வரவேற்றது. அவர் புறப்பட்டபோது இளைஞர்களாக இருந்தவர்கள், திரும்பியபோது தாத்தா பாட்டிகளாகிக் கண்ணீரோடு நின்றனர்.

மயிலாடுதுறைப் பகுதியிலுள்ள அனந்தமங்கலம் இராசகோபாலசுவாமி கோயிலிலிருந்து 1978-இல் திருடப்பட்ட இராமர், சீதை, இலக்குவன் திருமேனிகளும் 2020-இல் லண்டனிலிருந்து திரும்பின. 1958-இல் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் அவர்களை அடையாளம் காட்டியது. யாரோ ஒருவர் அக்கறையோடு அன்று எடுத்து வைத்த படம், 62 ஆண்டுகளுக்குப் பிறகு தெய்வத்தை வீடு சேர்த்தது. அக்கறை என்பது எவ்வளவு சிறிய செயலாகத் தோன்றினாலும் வீண்போவதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

பெரியவர்கள் செய்யத்தக்கவை

வயது முதிர்ந்தவர்கள் திருடனைத் துரத்திப் பிடிக்க இயலாது. ஆயினும் அவர்களால் செய்யக்கூடியவை பல. சொந்த ஊரில், குலதெய்வ ஊரில் கோயில் கதவு தினமும் திறக்கிறதா என்று விசாரிக்கலாம். வருவாயில்லாத கோயில்களுக்கு ஒரு கால பூசைத் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. வைப்பு நிதியின் வட்டியிலிருந்து நித்திய பூசை நடக்க அது வழி செய்கிறது. தங்கள் ஊர்க் கோயில் அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டறியலாம். கோயிலின் சொத்துப் பதிவேட்டில் எத்தனை திருமேனிகள் குறிக்கப்பட்டுள்ளன, அத்தனையும் இருக்கின்றனவா, அவற்றுக்குப் படம் எடுத்து ஆவணப்படுத்தியிருக்கிறார்களா என்று அறங்காவலரிடமும் அலுவலரிடமும் பணிவாகக் கேட்பது பக்தனின் உரிமை. கடமையும் அதுவே.

முன்னோர் காலத்துக் குத்தகைப் பாக்கி குடும்பத்தின் பெயரில் இருந்தால், அதை அடைத்துவிட்டு ரசீது வாங்கிப் பூசை அறையில் வையுங்கள். எந்தப் பரிகாரத்தைக் காட்டிலும் அது மேலானது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஓய்வு பெற்றவரிடம் இருப்பது நேரம். மாலையில் அரை மணி நேரம் ஊர்க் கோயிலில் போய் அமர்வதே பெரிய காவல். ஆள் நடமாட்டம் உள்ள சந்நிதிக்குள் நுழையத் திருடன் அஞ்சுவான். போகும்போது பேரனையோ பேத்தியையோ கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள். இந்தச் சாமிக்கு என்ன பெயர், கையில் என்ன வைத்திருக்கிறார், யார் எழுதி வைத்த நிலத்தில் இந்த விளக்கு எரிகிறது என்று சொல்லிக் கொடுங்கள். பெயர் சொல்லி அறிந்த தெய்வத்தை அந்தக் குழந்தை ஒருநாளும் விலைப்பொருளாகப் பார்க்காது. வேறொருவர் பொருளையும் அப்படிப் பார்க்காது.

மீண்டும் காளப்பநாயக்கன்பட்டிக்கு வருவோம். 70 வளைவுகளையும் இறங்கி வந்த பேருந்திலிருந்து பாட்டியும் பேரனும் இறங்குகிறார்கள். பேரன் தன் சின்னஞ்சிறு கைகளைத் தேய்த்து விரித்துப் பார்த்துக்கொள்கிறான். விளையாட்டாகத்தான் செய்கிறான். ஆனால் அந்தப் பழக்கம் அவனோடு வளரும். நாளை அவன் ஓர் அலுவலகத்தில் அமர்வான். பிறர் பணம் அவன் கைவழியே போகும். யாரும் பார்க்காத நேரங்கள் வரும். அப்போது அவனுக்குத் தன் ஆயாவின் சொல் நினைவுக்கு வரக்கூடும்.

சண்டிகேசுவரர் தியானத்தில் இருப்பவர். அவர் முன் ஓசை எழக் கைதட்டக் கூடாது, நூலைப் பிரித்துப் போடக் கூடாது என்று பெரியோர் சொல்வார்கள். மென்மையாகக் கைகளைத் துடைத்துக் காட்டினால் போதும். அடுத்த முறை அங்கே நிற்கும்போது, 'நான் எதையும் எடுக்கவில்லை சுவாமி' என்று சொல்வதோடு, 'என் பங்குக்குக் காத்தேனா?' என்றும் ஒருமுறை நம்மையே கேட்டுக்கொள்வோம். அந்த இரண்டாவது கேள்விக்கும் கூசாமல் கை விரிக்கும் பேற்றை அறப்பள்ளி ஈசன் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அருள்வானாக.